பனிக்காலத்தில் மிருதங்கமும் ரயரும்



கனடாவில் எங்கள் பிள்ளைகளின் சங்கீத வகுப்புகள் பெரும்பாலும் செப்ரெம்பரில் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து தொடங்கும். இரண்டு மாதம் போகக் குளிர் வந்துவிடும். பிறகு மார்ச் முடியும் மட்டும், சனி ஞாயிறு என்றால் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் வீதிகளில் பின் சீற்றில் மிருதங்கத்தையோ வயலினையோ வைத்துக்கொண்டு ஓடுவதுதான் தாய் தகப்பனுக்கு வேலை. இரவு வேலை முடித்து வந்து, இரண்டு மணித்தியாலம் கண்ணயர்ந்துவிட்டு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகையால் இந்த மாதம் வாத்தியத்தைப் பற்றியும் காரைப் பற்றியும் சேர்த்தே கதைக்கலாம் என்று நினைத்தேன். எங்களுடைய பயமெல்லாம் மைனஸ் இருபதுக்குத்தான். ஆபத்து இருக்கும் இடமோ வேறு.

முதலில் வாத்தியம். மைனஸ் 20 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய ஒரு கிராம் நீராவியைத்தான் தாங்கும். அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து 20 பாகைக்குச் சூடேறினால், பதினேழு கிராம் வரை தாங்க அதற்கு இடமுண்டு. கையில் இருப்பதோ அந்த ஒரு கிராம்! தாகம் பிடித்த அந்தக் காற்று, எங்கே ஈரம் கிடைக்கிறதோ அங்கிருந்து உறிஞ்சும். எங்கள் உதடு வெடிப்பதும், கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது பொறி பறப்பதும் இதனால்தான். மிருதங்கத்துக்கும் தோல் இருக்கிறது அல்லவா?

பலாமரத்தில் கடைந்து, ஈரமான காற்றில் பிறந்து வளர்ந்த வாத்தியம் அது. ஹீற்றர் போட்ட வீட்டில் தோல் இறுகிச் சுருதி தானாக மேலே ஏறும். வலந்தலையில் இருக்கும் கரணை, அதுதான் அந்தக் கறுப்புச் சாந்து, காய்ந்து உதிரத் தொடங்கும். வயலினில் முறுக்காணிகள் சுருங்கி வழுக்கும். காலையில் பெட்டியைத் திறந்தால் நான்கு தந்தியும் தளர்ந்து கிடக்கும். "ஆர் இதைத் தொட்டது?" என்று வீட்டில் சண்டை வரும், ஒருவரும் தொட்டிருக்கமாட்டார்கள். கவனிக்காமல் விட்டால் மேற்பலகையே வெடிக்கும். வீணைக்கு இன்னொரு கரைச்சல். அதன் 24 மெட்டுகளும் மெழுகிலே பதிந்திருக்கின்றன. காரின் டிக்கியில் குளிரில் விறைத்த மெழுகு, வீதிக் குழியில் ஒரு தூக்கித் தூக்கிப் போட்டால் விட்டுவிடும். அதைத் திரும்பப் பதிக்கத் தெரிந்தவரை இங்கே தேடிப் பிடிப்பது எவ்வளவு பாடு என்று வீணை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்.

செய்யக்கூடியது என்ன? ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கலாம். வாத்தியம் இருக்கும் இடத்தில் 40 முதல் 50 வீதம் இருந்தால் நல்லது. முழு வீட்டையும் அந்த அளவுக்குக் கொண்டுபோகப் பார்த்தால் யன்னல் கண்ணாடியால் தண்ணீர் வடியும், பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே ஒரு அறையில் மட்டும் ஈரமூட்டும் கருவியைப் போட்டு, சூடு வரும் துவாரத்துக்குத் தள்ளி வையுங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்த பெட்டியை உடனே திறக்கவேண்டாம். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிற மாதிரி வாத்தியத்திலும் படியும். ஒரு மணித்தியாலம் மூடியபடியே கிடக்கட்டும். பிள்ளை அவசரப்படும், நீங்கள் அவசரப்படாதீர்கள்.

இனிக் கார். வீதியிலும் இதே கதைதான். மைனஸ் 20இல் ஐஸ் கொஞ்சம் பிடி கொடுக்கும். பூச்சியத்தை அண்டிய நேரத்தில்தான் மிக மோசமாக வழுக்கும். பகலில் உருகி, பொழுதுபட்டதும் திரும்ப உறைகிற அந்தக் கண்ணுக்குத் தெரியாத படலம், வகுப்பு முடிந்து வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில் வந்து நிற்கும். பாலங்கள் முதலில் உறையும், ஏனென்றால் மேலாலும் கீழாலும் அவற்றுக்குக் குளிர்காற்று. உப்புப் போட்டிருக்கிறார்கள் என்று நம்பிப் போவோம். மைனஸ் பத்துக்குக் கீழே உப்பின் வேலையும் மந்தம்தான்.

சாதாரண ரயரின் றப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும். பனி கொட்டும்வரை காத்திருக்காமல் நான்கு ரயரையும் மாற்றவேண்டும் என்று சொல்வது அதனால்தான். முன்னுக்கு இரண்டு போதும் என்பது மிச்சம் பிடிப்பல்ல, வளைவில் காரின் பின்பக்கம் சுழன்றுவிடும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் பொதுவாகக் கட்டாயமில்லை. ஆனால் 2016 முதல், அதைப் போட்டால் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். சின்னப் பிள்ளையைத் தடித்த ஜக்கெற்றோடு சீற்றில் வைத்துப் பெல்ற் போடாதீர்கள். இறுக்கிவிட்டோம் என்று நினைப்போம், மோதினால் ஜக்கெற் அமுங்கிப் பெல்ற் தளர்ந்துவிடும். பெல்ற்றைப் போட்டபிறகு ஜக்கெற்றை மேலே போர்த்தலாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனித்தான். வகுப்பு நடக்கும்போது வெளியில் காருக்குள் ஹீற்றரைப் போட்டுவிட்டு நித்திரை கொள்கிறோமே, அது. பனி குவிந்து புகைக்குழாயை அடைத்தால் காபன் மொனொக்சைட்டு காருக்குள்ளே திரும்பும். மணமில்லை, நிறமில்லை. 2016 ஜனவரியில் நியூ ஜேர்சியில் தகப்பன் காரைச் சுற்றிப் பனி அள்ளிக்கொண்டிருக்க, குளிருக்கு ஒதுக்கமாக உள்ளே இருந்த தாயும் பிள்ளைகளும் இப்படித்தான் இறந்தார்கள். அவர் சில அடி தூரத்தில்தான் நின்றார். நித்திரைத் தூக்கத்தோடு இருப்பவருக்குத் தலைச்சுற்று வந்தாலும் களைப்பு என்றே படும். ஸ்ராட் பண்ண முன்னர் பின்பக்கம் போய்க் குழாயைப் பாருங்கள். அல்லது ஆசிரியையின் வீட்டு வாசலுக்குள் போய் ஒரு கதிரையில் இருங்கள். எந்த ஆசிரியை வேண்டாம் என்பார்?

1999 ஜனவரியில் ரொறொன்ரோவில் பனி கொட்டு கொட்டென்று கொட்டி, மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தைக் கூப்பிட்டது மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மற்றைய மாகாணங்களில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் சனத்துக்கு அது வேறு மாதிரி. ஆமிக்காரன் தெருவில் இறங்கினால் பின்வளவால் ஓடிப் பழகியவர்கள், அவன் சவளோடு வந்து பனி அள்ளுவதை யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆனாலும் பனியைவிட மோசமானது உறைமழை. மேலே சூடான காற்றுக்குள்ளால் மழையாக வந்து, நிலத்தில் பட்டவுடன் கண்ணாடியாக உறையும். 2013 டிசம்பர் 21, 22இல் அது பெய்தபோது ரொறொன்ரோவில் மூன்று லட்சம் இணைப்புகள் வரை மின்சாரம் இழந்தன. அந்த மழைக்கு வின்ரர் ரயரும் காவலில்லை. அன்றைக்கு வகுப்புக்குப் போகவேண்டாம். கட்டின காசு வீணாகிறது, அரங்கேற்றத்துக்கு மண்டபம் எடுத்தாயிற்று என்றெல்லாம் சொல்வோம். 2020இல் கோவிட் வந்தபோது மாதக்கணக்காக எல்லாரும் திரையில்தானே படித்தோம்? குரலும் வாத்தியமும் ஒரு கணம் பிந்தி வருவதால் சேர்ந்து வாசிக்க முடியாதுதான். ஆசிரியர் வாசித்துக் காட்ட, பிள்ளை திருப்பி வாசிக்கத் தடையில்லை. சொற்கட்டை வாயால் சொல்லித் தாளம் போடவும் அது தாராளமாகப் போதும். ஆசிரியர்களே, உறைமழை எச்சரிக்கை வந்தால் காலையிலேயே நீங்களாக ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். பெற்றோர் தாங்களாக நிறுத்தமாட்டார்கள்.