வீட்டிலேயே வெட்டிக்கொண்டால் என்ன?

(மாணவர் விடுதி ஒன்றில் நடந்த வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன கூட்டத்தில் ஒரு தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்னிக்கு வந்திருக்கிறேன். அவர் கேட்டது இதுதான்: "அண்ணே, எங்க ஊர் சலூன்ல நம்மள உட்கார வைக்கமாட்டாங்கன்னு தெரிஞ்ச விஷயம். நாங்க ஆளுக்கு நூறு ரூவா போட்டு டிரிம்மர் வாங்கிட்டோம். ஒருத்தனுக்கு ஒருத்தன் வெட்டிக்கிறோம், நல்லாவும் வருது. வேணாம்னு சொல்றவன் நாற்காலிக்கு எதுக்குப் போய் நிக்கணும்? அதுல என்ன சுயமரியாதை இருக்கு?"

இந்தக் கேள்வியில் ரோஷம் இருக்கிறது. அதனால் இதைத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கேள்வியை அப்படியே ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அண்ணல் அம்பேத்கர் தன் அனுபவங்கள் சிலவற்றைச் சிறு குறிப்புகளாக எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்து முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 1990இல் அது தனி நூலாக வந்தது. அதில் பள்ளிக்கூடத்துக்குக் கோணித்துணி கொண்டுபோய்த் தனியே உட்கார்ந்ததையும், பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணீர் குடிக்க முடியும் என்பதையும் நாம் எல்லா மேடையிலும் சொல்கிறோம். அதற்குப் பக்கத்திலேயே முடியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அதை மட்டும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். சாதாராவில் அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு முடி வெட்டியது அவருடைய அக்கா. வெட்டி வெட்டியே அக்கா கைதேர்ந்துவிட்டார். இதைச் சொல்லிவிட்டு அண்ணல் இரண்டு காரணங்களை மறுக்கிறார்: ஊரில் நாவிதர் இல்லாமல் இல்லை, கூலி கொடுக்க வீட்டில் காசு இல்லாமலும் இல்லை. தீண்டப்படாதவன் தலையைத் தொட எந்த நாவிதரும் சம்மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த இரண்டு மறுப்பை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். ஏனென்றால் நம் தெருவில் வெட்டிக்கொள்ளும் முடிக்கு வெளியே இருப்பவர்கள் சொல்லும் காரணமே இந்த இரண்டும்தான். 'பாவம், காசில்லை', 'பாவம், அங்கே வசதியில்லை'. அண்ணல் அந்த இரண்டு கதவையும் முன்கூட்டியே அடைத்துவிட்டார்.

எங்க தெருவிலும் ஒரு அக்கா மாதிரி எங்கப்பா இருந்தார். சந்தையில் வாங்கின கத்தரி, ஒரு மர சீப்பு, தேய்ந்த படிகாரத் துண்டு. ஞாயித்துக்கிழமை காலையில் புங்கமரத்தடியில் கல்லுமேல வரிசையா உட்காருவோம். எலி கரண்டினாப்புல இருக்கும். பள்ளிக்கூடத்தில் பின்னால் இருந்து பார்த்தே எங்களை எந்தத் தெருப் பிள்ளைகள் என்று அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள். வெட்டின தலையே சாதிச் சான்றிதழ். அந்தக் கையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கூலி வேலைக்குப் போய் வந்த கை அது, காசு வாங்காமல் தெருவுக்கே வெட்டியது. ஆனால் அந்தக் கை கத்தரியைப் பிடித்தது ஆசைப்பட்டு அல்ல.

பிறகு பஸ் ஏறி டவுனுக்குப் போக ஆரம்பித்தோம். அங்கே வேறு கதை. நாற்காலியில் உட்கார்ந்து துணியைப் போர்த்தி பாதித் தலை வெட்டினதும் கேள்வி வரும். "எந்த ஊரு தம்பி?" ஊர்ப் பெயரைச் சொன்னால், "அங்க எந்தப் பக்கம்? கோயில்கிட்டயா, ஏரிக்கரைப் பக்கமா?" பாதித் தலையோடு எழுந்து போகவும் முடியாது. பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லித் தப்பித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள்.

2020இல் கொரோனா ஊரடங்கில் ஏறக்குறைய இரண்டு மாதம் சலூன்கள் மூடிக் கிடந்தன. மனைவி கணவனுக்கு வெட்டினாள், மகன் அப்பாவுக்கு வெட்டினான், செல்போனில் படம் எடுத்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அதில் தப்பில்லை. அவர்களுக்கு அது ஒரு புது விளையாட்டு. கடை திறந்ததும் கத்தரியை மேஜை அறையில் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். தம்பி, உங்கள் டிரிம்மருக்கும் அவர்கள் கத்தரிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். போக இடம் இருந்து போகாமல் இருப்பது வேறு.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். ஏன் சலூன்? ஊரில் எத்தனையோ கடை இருக்கிறது. டீக்கடையில் இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராடினோம், வழக்குப் போட்டோம். பிறகு பேப்பர் கப்பு வந்தது. பல கடைகளில் சண்டை போடாமலே சாதி தப்பித்துக்கொண்டது, குடித்துவிட்டுத் தூக்கி எறிந்தால் யார் வாய் வைத்தது என்ற கேள்வியே இல்லை. மளிகைக் கடையில் காசை வைத்துவிட்டுச் சாமானை எடுத்துக்கொள்ளலாம். முடிவெட்டுவதில் இந்த வேலை நடக்காது. ஒரு ஆள் இன்னொரு ஆளின் தலையைப் பிடித்துத் திருப்ப வேண்டும், தாடையைத் தூக்க வேண்டும், காது மடலை மடக்க வேண்டும். ஒருத்தன் கழுத்தில் கட்டின துணியை உதறி அடுத்தவன் கழுத்தில் கட்ட வேண்டும். தீண்டாமல் முடி வெட்ட முடியாது தோழர்களே! அதனால்தான் சலூனில் பேப்பர் கப்பு கிடையாது, சாக்குதான் உண்டு. மிஷின் ரிப்பேர். சாப்பிடப் போறேன். சாயங்காலம் வா. சாயங்காலம் போனால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும்.

11 மாநிலங்களில் 565 கிராமங்களில் ஆய்வு செய்து 2006இல் ஒரு நூல் வந்தது. பாதிக்குக் கொஞ்சம் குறைவான ஊர்களில் நம் மக்களுக்கு முடிவெட்ட மறுக்கிறார்கள் என்று அதில் கணக்கு இருக்கிறது. அப்புறம் நிலைமை மாறிவிட்டதே என்பார்கள். 2024இல் தருமபுரி மாவட்டம் அரூர்ப் பக்கத்தில் ஒரு சலூனில் மறுத்ததை நம் பிள்ளைகள் படம் பிடித்தார்கள், அதன் பிறகே கைது நடந்தது. படம் பிடிக்காத ஊர்கள் எத்தனையோ.

'அவன் கடை அவனுக்கு, நம்ம முடி நமக்கு' என்று ஒதுங்கிக்கொண்டால் விட்டுவிடுவார்களா? 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். நகை போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது, சட்டை பனியன் கூடாது, குடை செருப்பு கூடாது. அந்த எட்டில் ஒன்று: கிராப்பு வெட்டிக்கொள்ளக்கூடாது. கடையில் போய் வெட்டக்கூடாது என்று அல்ல. எங்கே வெட்டினாலும், யார் வெட்டினாலும், அந்தத் தலையில் கிராப்பு இருக்கக்கூடாது. வீட்டுத் திண்ணை அவர்களுக்கு எல்லையே இல்லை. இன்றைக்கு நம் பையன்கள் வைக்கும் ஸ்டைலைப் பார்த்து யார் யாருக்கு வயிறு எரிகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது நாவிதரைப் பற்றி. இங்கேதான் நம் ஆட்கள் பலர் தடுமாறுகிறார்கள். நம்மை மறுக்கும் அந்த மனிதர் யார்? ஊரின் கடைசி வீட்டுக்காரர். களத்தில் நெல் அளந்து கொடுத்தால் வாங்கிக்கொண்டு கல்யாணம், சாவு, கருமாதி எல்லாவற்றுக்கும் ஓடினவர். வைத்தியம் பார்த்தவர், அவர் வீட்டுப் பெண் பிரசவம் பார்த்தவர். கிராமத்தில் அவரைக் 'குடிமகன்' என்பார்கள். அரசியல் சட்டத்தைத் தமிழில் படித்தால் அதே சொல்தான் நாட்டின் உரிமை பெற்ற மனிதனைக் குறிக்கிறது. ஊரில் குடிமகன் என்றால் ஊருக்கு அடங்கிய ஆள்.

2020 நவம்பரில் கர்நாடகத்தில் நஞ்சன்கூடு வட்டம் ஹல்லரே ஊரில் ஒரு நாவிதர் தலித்துகளுக்கு முடி வெட்டினார் என்பதற்காக ஆதிக்க சாதியினர் அவருக்கு 50,000 ரூபாய் அபராதம் போட்டு ஒதுக்கி வைத்தார்கள். இந்தத் தொகையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 6ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் சேவை தர மறுப்பவருக்கு ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை, 100 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை அபராதம் என்கிறது. வெட்ட மறுத்தால் அரசாங்கத்துக்கு 500. வெட்டினால் ஊருக்கு 50,000. நீங்கள் அந்த நாவிதர் இடத்தில் இருந்தால் எதற்குப் பயப்படுவீர்கள்?

அதற்காக நாவிதர் கையில் சாதி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2024 ஆகஸ்டில் அதே கர்நாடகத்தில், கொப்பள் மாவட்டம் சங்கனாள் ஊரில், முடிவெட்டப் போன தலித் இளைஞர் ஒருவர் அந்தத் தகராறில் கத்தரியாலேயே குத்திக் கொல்லப்பட்டார். வயிற்றுப் பயம் மட்டும் அப்படிக் குத்தாது. தனக்குக் கீழே ஒருத்தன் இருக்கிறான் என்ற நினைப்பும் சேர்ந்துதான் குத்தியது. நம் பக்கமும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பல ஊர்களில் நமக்குத் துணி வெளுத்து, முடியும் மழித்தவர்கள் புதிரை வண்ணார்கள். அவர்களை நாம் எந்தத் திண்ணையில் உட்கார வைத்தோம்?

ஹல்லரே சம்பவத்தை ஒட்டி, அரசே கிராமங்களில் சலூன் திறக்கலாம் என்றொரு யோசனை அங்கே பேசப்பட்டது. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் நம்ம ஆள் மட்டும் போய் உட்காரும் சலூன் வந்தால் அது காலனி சலூன். இருக்கும் கடை அப்படியே ஊர்க் கடையாக நிம்மதியாக நடக்கும். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், இன்றைய 15ஆம் பிரிவில் வரும் 'கடை' என்ற சொல்லுக்கு அண்ணல் விளக்கம் கொடுத்தார். உள்ளே நுழைய விடுவது மட்டும் அதன் பொருள் அல்ல, சேவை தர முன்வரும் எவரும் அதில் அடக்கம் என்றார். அக்கா கையால் முடி வெட்டிக்கொண்ட பிள்ளை பேசிய பேச்சு அது.

ஆகவே தம்பி, டிரிம்மரை நான் தூக்கிப்போடச் சொல்லவில்லை. வெட்டிக்கொள்ளுங்கள். நாற்காலிக்கு உரிமை கேட்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

எப்படிப் போவது? சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேர் நாவிதர் வீட்டுக்குப் போங்கள், கடைக்கு அல்ல. மிரட்டப் போகவில்லை, வயசுக்குத் தக்க மரியாதையோடு பேசுங்கள். வெட்டக்கூடாது என்று யார் சொன்னது, எப்போது சொன்னது, என்ன மிரட்டினார்கள் என்று கேளுங்கள். சொல்ல மாட்டார், ஆனாலும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் கடைக்குப் போகட்டும். ஒருவர் உட்கார, இருவர் சாட்சி. மறுத்தால் சொன்ன வார்த்தையை அப்படியே, நேரம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள், வாய்ச்சண்டை வேண்டாம். புகாரில் கடைக்காரர் பெயரோடு நிறுத்தினால் காவல் நிலையத்துக்கு ரொம்ப வசதி. ஏழை நாவிதரை உள்ளே வைத்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள், ஊர்ப் பெரிய மனுஷன் அவருக்கு ஜாமீன் எடுத்து நல்ல பேரும் வாங்கிக்கொள்வார். தீண்டாமையைக் கடைப்பிடிக்கத் தூண்டுவதும் அதே சட்டத்தின் 7ஆம் பிரிவில் குற்றம். 2016 ஜனவரி முதல் அமலில் இருக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தில், கடைக்குள் நுழைவதைத் தடுப்பதும் சமூகப் புறக்கணிப்பும் தனித்தனிக் குற்றங்கள். சொன்னவன் பெயரும் புகாரில் வர வேண்டும். நாவிதரே சாட்சி சொல்ல வந்தால் அவர் குடும்பத்துக்கு வேலை போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம் தெருவுக்கு உண்டு. அதையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொண்டு போங்கள்.

மனு எழுத வருகிற இரண்டு பேர் மட்டும் கூட்டம் முடிந்ததும் இருங்கள்.