தூர் வாருவோர் யார்?

(பொழிவின் எழுத்து வடிவம்)



ஏரி வெட்டியவன் பெயர் கல்லில் நிற்கும். ஆண்டுதோறும் அவ்வேரியில் இறங்கித் தூர் வாரியவன் பெயர் எந்தக் கல்லிலும் இராது. ஆயினும், வெட்டியவன் அகன்று பல்லாண்டுகள் கழிந்த பின்னும் அங்கே நீர் நிற்கிறதென்றால், அது பெயர் தெரியா அவ்வுழைப்பாளரால் அன்றோ? கணினித் துறையிலும் நிலை இதுவே. எஃப்எஃப்எம்பெக் எனும் கட்டற்ற மென்பொருளின் வரலாறு இதற்குச் சான்று.

அது செய்யும் பணியை முதற்கண் அறிக. 1920 × 1080 புள்ளிகள் கொண்ட வண்ணப்படம், புள்ளிக்கு 3 பைட்டு, நொடிக்கு 25 படம் எனக் கணக்கிட்டால், ஒரே நொடிக்கு 15 கோடியே 55 இலட்சம் பைட்டுக்கு மேலாகிறது. அதனை அவ்வாறே பொதுவான இணைய இணைப்பில் எளிதில் அனுப்பவியலாது. எனவே சுருக்கி அனுப்புவர், பெறுமிடத்தில் விரிப்பர். சுருக்கும் முறைகளோ ஒன்றல்ல, இரண்டல்ல, நூற்றுக்கணக்கானவை. அவற்றையெல்லாம் ஒருங்கே கையாளும் கருவித்தொகுதியே எஃப்எஃப்எம்பெக். வி.எல்.சி. இயக்கியும் குரோம் உலாவியும் இதன் நூலகங்களைப் பயன்கொள்கின்றன. 2021-இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய பெர்சிவரன்சு ஊர்தியின் தரையிறக்கப் படப்பிடிப்பு அமைப்பிலும் இஃது இடம்பெற்றது.

2000-ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கியவர் பிரான்சு நாட்டுப் பபிரீசு பெல்லார். மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமத்தோடு அவர் வெளியிட்டார். பின்னர் அவர் வேறு பணிகட்குச் சென்றார். மைக்கேல் நீடர்மாயர் எனும் ஆசுத்திரியர் நெடுங்காலம் தலைமை தாங்கினார்.

எழுதி முடித்த நிரலைப் பேணுவானேன் என வினவலாம். புதிய சுருக்க முறைகள் தோன்றுகின்றன; புதிய செயலிகள் வருகின்றன; அவற்றிற்கேற்ப விரைவுநிரலைக் கையாலேயே எழுத வேண்டியுள்ளது. ஓரிடத்தில் திருத்தினால் வேறோரிடம் பழுதாகலாம். ஆகலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பழைய விடைகளோடு ஒப்பிடும் தன்னியக்கத் தேர்வுத் தொகுதி ஒன்றையும் அவர்கள் பேணுகின்றனர். இவற்றினும் இன்றியமையாதது பாதுகாப்பு. தீயோன் ஒருவன் வேண்டுமென்றே சிதைத்த படக்கோப்பைத் திறந்தால், நிரல் தன் நினைவக எல்லையைத் தாண்டிவிடக்கூடும். அவ்வழியே பிறர் கணினிக்குள் புகுவர். கூகுள் ஆய்வாளர் இருவர் கோப்புகளைப் பலவாறு சிதைத்து ஊட்டிக் கண்டறிந்த குறைகளால், ஆயிரத்திற்கு மேற்பட்ட திருத்தங்கள் செய்யப்பட்டதாக 2014 சனவரியில் அறிவிக்கப்பட்டது. ஆயிரம் ஓட்டைகளை அடைத்த கைகள் எத்துணைப் பொறுமை உடையன!

பேணுவாரிடையே பிளவும் நேர்ந்தது. 2011-இல், மாற்றங்களை ஏற்கும் முறை, தலைமையின் போக்கு ஆகியவை பற்றி எழுந்த பூசலால் ஒரு சாரார் பிரிந்து இலிபாவ் எனும் தனிமென்பொருளை நடத்தினர். தெபியன் முதலிய வழங்கல்கள் இலிபாவைத் தழுவின. நீடர்மாயரோ, பிரிந்தவர்தம் திருத்தங்களையும் வெறுத்தொதுக்காது நாள்தோறும் தம் நிரலிற் சேர்த்து வந்தார். 2015-இல் தெபியன் எஃப்எஃப்எம்பெக்கிற்கே மீண்டது. பாதுகாப்புக் குறைகள் விரைந்து களையப்பட்டமை அதற்கொரு பெருங்கரணியம். அவ்வாண்டு சூலை முடிவில் நீடர்மாயர் தலைமையைத் துறந்தார். பிரிந்தோர் மீண்டும் ஒன்றுபட வழியுண்டாக வேண்டும் என விழைந்தார். பதவியை விட்டாரேயன்றிப் பணியை விட்டாரல்லர். இலிபாவ் பின்னர் ஒடுங்கிற்று. எதிரணியின் நல்லுழைப்பையும் ஏற்றவனே பொதுப்பணியில் நிலைத்தான் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, வலிக்கும் செய்தி ஒன்று. 2025-இல் கூகுளின் செயற்கை நுண்ணறிவுக் கருவி, 1990-களின் கணினி விளையாட்டு ஒன்றிற்குரிய படவடிவ நிரலிற் குறை கண்டது. குறை காண்பது நன்றே. ஆனால் குறையைக் காட்டுவோர் பெரும்பொருள் படைத்த நிறுவனத்தார். திருத்துவோரிற் பெரும்பாலோர் ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர். 'திருத்தத்தையும் உடன் அனுப்புக. அன்றேல் பொருளுதவி செய்க' என்று அவர்கள் வெளிப்படையாகவே முறையிட்டனர். அம்முறையீட்டில் தவறென்ன? ஏரிநீரால் ஆயிரங் காணி விளைப்பவன், 'கரையில் ஓர் ஓட்டை காண்கிறேன்' என்று கூவிவிட்டுப் போவது முறையாகுமா? 2024-இல் செருமானிய அரசு சார்ந்த பொருளுதவி அமைப்பொன்று இம்மென்பொருளின் பேணலுக்கு உதவியது. ஏனையோர்க்கும் அது வழிகாட்டல் வேண்டும்.

அவையோரே! கட்டற்றது என்பதற்குக் காப்பாரற்றது என்று பொருளாகாது. விலையின்றிக் கிடைப்பது உழைப்பின்றி விளைந்ததும் அன்று. பொருளுள்ளோர் பொருள் தருக. நிரல் வல்லார் திருத்தம் எழுதுக. எழுத்து வல்லார் விளக்கவுரை வரைக. இவை இயலாதார், பழுதுற்ற கோப்பையும் அது பழுதுறும் முறையையும் தெளிவாகக் குறித்து அனுப்புக. அதுவும் ஒரு கூடை மண் அள்ளியதற்கு ஒப்பாகும். பொதுச்செல்வத்தை நுகர்வோர் பெருகிப் பேணுவோர் அருகினால், அச்செல்வம் ஒரே தலைமுறையில் தூர்ந்துபோம். நுகர்வோர் அனைவரும் மண்வெட்டி ஏந்துக!