கம்பியைக் கண்ணால் பாருங்கள்!

வீட்டுக் கொட்டகையிலேயே சிறு ஆகாய விமானம் கட்டிப் பறக்கிறவர்களுக்கு நாம் முதலாவதாகச் சொல்லுவது, ஓட்டுகிற கோலை இடப்பக்கம் சாய்த்தால் இட இறக்கையின் ஓரத்துப் பலகை மேலே எழும்புகிறதா, வலப்பக்கத்தது கீழே இறங்குகிறதா என்று பாருங்கள் என்பதேயாகும். பலகை அசைகிறது என்றால் போதுமா? கம்பிகள் மாறியிருந்தாலும் அது தாராளமாக அசையத்தான் செய்யும்.

1947 ஆகஸ்டு 23-ந் தேதி இங்கிலாந்தில் உட்ஃபோர்டில் ஆவ்ரோ டியூடர் விமானமொன்று கிளம்பினவுடன் விழுந்து நால்வர் மாண்டனர். பழுதுபார்த்தவர்கள் இந்தக் கம்பிகளை மாற்றிப் பூட்டிவிட்டதே காரணம். மாண்டவரில் ஒருவர் லங்காஸ்டர் விமானத்துக்குத் திட்டம் வகுத்த ராய் சாட்விக். அவ்வளவு பெரிய நிபுணர் உள்ளேயிருக்கிறார் என்று கம்பி தயவு காட்டிற்றா?

ஆகையால் பூட்டினவர் சோதித்தால் மாத்திரம் போதாது. பூட்டாத இன்னொருவரும் பார்க்கட்டும். அவர் எவ்வளவு சிறியவராயினும் சரி, மாறியிருக்கிறது என்றால் கோபிக்காமல் இஞ்சினை நிறுத்துங்கள்.