முதல் பத்து நிமிடம் ஊராருடையது

செவிலியர் பட்டம் பெறும் மாணவ மாணவியரே!

உங்களில் பலர் சின்னசேலம், சங்கராபுரம், கச்சிராயபாளையம் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள். சிலர் வெள்ளிமலைக்கும் அப்பாலிருந்து மலையிறங்கி வந்து படித்தவர்கள். உங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நீங்களாகவே இருக்கலாம். அந்தப் பெருமைக்கு என் வணக்கம். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் கற்ற உயிர்காக்கும் முதலுதவியைப் பட்டம் இல்லாதவர்களின் கைகளிலும் கொண்டுபோய்ச் சேருங்கள்.

இதயம் நின்ற நொடியிலேயே மூளைக்கு ரத்தம் போவது நின்றுவிடும். நாலைந்து நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்கும். நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும். 2008 முதல் நம் மாநிலத்தில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2019-இல் நம் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022-இல் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எல்லாமே நம் மக்களுக்குப் பெரிய பலம். ஆனாலும் மலைப்பாதையின் வளைவுகளில் ஏறும் வண்டி நாலு நிமிடத்தில் கல்வராயன் மலைக் கிராமத்தை எட்டாது. அந்த மக்களின் அடிப்படை வசதிகள் குறித்து 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. சாலை வர வேண்டும், செல்போன் சிக்னல் வர வேண்டும். அவை வந்த பிறகும், முதல் பத்து நிமிடம் பக்கத்தில் நிற்பவரின் பொறுப்பில்தான் இருக்கும். வசதி நிறைந்த சிங்கப்பூரே 2015 முதல் ஒரு செயலி வழியாக அருகில் இருக்கும் பொதுமக்களை உதவிக்கு அழைக்கிறது என்றால், நமக்கு ஊராரின் கைகள் எவ்வளவு தேவை!

அந்தப் பத்து நிமிடத்தில் இன்று என்ன நடக்கிறது? முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள். சோடா வாங்க ஆள் ஓடுகிறது. வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். விட்டுவிட்டு வரும் திணறலைப் பார்த்து, "மூச்சு இருக்கு" என்று ஆறுதல் அடைகிறார்கள். அந்தத் திணறல் உயிர்காக்கும் மூச்சு அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை. சொல்லித்தரத்தான் ஆள் இல்லை.

சொல்லித்தர வேண்டியதும் அதிகமில்லை. தோளைத் தட்டிக் கூப்பிடு. பதில் இல்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் 108-க்குச் சொல். சமதரையில் மல்லாக்கப் படுக்கவை. நெஞ்சின் நடுவில் ஒரு கைமேல் ஒரு கை வைத்து, முழங்கை மடங்காமல், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்து. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழும்ப விடு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்று. பெரியவர் திடீரென விழுந்தால், பயிற்சி இல்லாதவர் நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்றே நம் நாட்டு மயக்கவியல் மருத்துவர்கள் 2017-இல் வழிமுறை வகுத்தார்கள்.

மலையடிவாரத்துக்கென்று சில பாடங்கள் கூடுதலாக உண்டு. கோமுகி அணையிலோ அருவியிலோ மூழ்கியவருக்கு முதல் தேவை மூச்சு. அழுத்துவதோடு வாய்வழியாக மூச்சும் கொடுக்க வேண்டும். கட்டுவிரியன் கடித்தவருக்கு இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே மூச்சுத் தசைகள் செயலிழக்கும். ஆஸ்பத்திரி சேரும்வரை யாராவது மூச்சு கொடுத்துக்கொண்டே வந்தால் அவர் பிழைக்கலாம். மின்சாரம் தாக்கியவரைத் தொடுமுன் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். நெஞ்சுவலியோடு பேசிக்கொண்டிருப்பவரை உடனே சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் மாரடைப்புக்கான மாத்திரைகள் அங்கே இருக்கின்றன. நினைவில்லாதவர் வாயில் மாத்திரையும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

இன்னொன்றையும் கூச்சமின்றிப் பேசுங்கள். பொது இடத்தில் விழும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவாகவே நெஞ்சை அழுத்தும் உதவி கிடைக்கிறது என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. நெஞ்சில் கைவைக்கத் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கம் நம் ஊரிலும் உண்டு. அதனால் மகளிர் சுயஉதவிக் குழுவில் தொடங்குங்கள். உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். பொம்மை இல்லையென்றால் இறுகக் கட்டிய துணிமூட்டை போதும்.

உண்மையையும் மறைக்காதீர்கள். சரியாக அழுத்தினாலும் பலர் பிழைப்பதில்லை. விலா எலும்பு முறியலாம். முயன்றவர் மனம் ஒடிந்து நிற்பார். அவரிடம், "நீங்கள் செய்தது சரி" என்று சொல்லும் முதல் ஆள் நீங்களாக இருங்கள். அந்த வார்த்தை கிடைத்தால்தான் அடுத்த முறையும் அவர் கை நீட்டுவார்.

நாளை நீங்கள் சென்னைக்குப் போகலாம், வளைகுடாவுக்கும் போகலாம். போகுமுன் உங்கள் தெருவில் பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போங்கள். பொங்கலுக்கு வரும்போது அவர்களையே மறுபடி செய்துகாட்டச் சொல்லுங்கள். பழகாத கை மறந்துவிடும். உங்களைப் படிக்கவைத்த ஊருக்கு நீங்கள் செய்யும் முதல் கைம்மாறு இதுவாக இருக்கட்டும். நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் அங்கே ஓர் உயிர் காப்பாற்றப்பட்டால், நீங்கள் பெற்ற பட்டம் அன்று முழுமை பெறும்.

நலமோடும் துணிவோடும் வாழ்க!