பந்து வராத பக்கம்



தோற்ற ஆட்டத்துக்கு யாரைக் கைகாட்டுவது என்பதில் ரசிகர்கள் அதிகம் தயங்குவதில்லை. அமெரிக்கக் கால்பந்தில் அந்தக் கை அடிக்கடி நீள்வது கார்னர்பேக் என்ற ஆட்டக்காரரை நோக்கித்தான். அந்தத் தீர்ப்பு எவ்வளவு நியாயமானது? டாலஸ் கௌபாய்ஸ் அணியின் கார்னர்பேக்குகள் சிலரை வைத்து இன்று பார்ப்போம்.

அமெரிக்கக் கால்பந்து நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. பந்தைக் கையால் எறிந்தும், ஏந்திக்கொண்டு ஓடியும் முன்னேற வேண்டும். பக்கத்துக்குப் பதினொரு பேர். எறிபவர் குவாட்டர்பேக், ஓடிப்போய்ப் பிடிப்பவர் ரிசீவர், அவரைப் பிடிக்கவிடாமல் தடுப்பவர் கார்னர்பேக். எந்த இடத்தில் திரும்பப்போகிறோம் என்பது ரிசீவருக்குத் தெரியும், கார்னர்பேக்குக்குத் தெரியாது. அவர் பின்னோக்கி ஓடிக்கொண்டே அதை ஊகிக்க வேண்டும். ஐந்து கஜத்துக்கு அப்பால் ரிசீவரின் மேல் கை வைக்கக் கூடாது என்று 1978இல் விதியும் வந்துவிட்டது. இத்தனையும் சில நொடிகளுக்குள் நடந்து முடியும். மற்றவர்களின் பிழை கூட்டத்தில் மறைந்துவிடும். கார்னர்பேக்கின் பிழையோ திறந்த வெளியில், அரங்கமே பார்க்க நடக்கும்.

எவர்சன் வால்ஸ் என்பவரை எடுத்துக்கொள்வோம். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத இளைஞர். 1981இல் டாலஸுக்கு வந்து, முதல் சீசனிலேயே 11 பந்துகளை இடைமறித்தார். அந்த ஆண்டு லீகிலேயே அதுதான் அதிகம். 1982 ஜனவரி 10 அன்று, சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டிக்குப் போவது யார் என்று முடிவுசெய்யும் ஆட்டத்தில் சான்பிரான்சிஸ்கோவைச் சந்தித்தது டாலஸ். ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே பாக்கி. டாலஸ் 27-21 என்று முன்னிலை. சான்பிரான்சிஸ்கோ குவாட்டர்பேக் ஜோ மொன்டானா வலப்புறம் ஓடுகிறார். டாலஸ் ஆட்கள் துரத்துகிறார்கள். எல்லைக்கோட்டை நெருங்கியபோது பந்தை உயரத் தூக்கி எறிகிறார். புள்ளி தரும் பகுதியில் ரிசீவர் ட்வைட் கிளார்க் எம்பி, விரல் நுனியில் அதைப் பிடிக்கிறார். சான்பிரான்சிஸ்கோ 28-27 என்று வென்றது. அந்தக் கணத்தின் புகைப்படம் இன்றும் உலவுகிறது. அதில் கிளார்க் வானத்தில், வால்ஸ் கீழே.

பலருக்கு வால்ஸ் என்றால் அந்தப் படம்தான். ஆனால் அதே ஆட்டத்தில் அவர் இரண்டு பந்துகளை இடைமறித்திருந்தார்; எதிரணி நழுவவிட்ட பந்து ஒன்றையும் கைப்பற்றியிருந்தார். சான்பிரான்சிஸ்கோ கடைசியாக முன்னேறிய 89 கஜத்தில் கணிசமான பகுதி பந்தை ஏந்தி ஓடியே கடந்தது. அதைத் தடுக்கும் முதல் பொறுப்பு முன்வரிசைக்கு. இவ்வளவும் ஒரு படத்துக்குள் அடங்காது. ஒரு கார்னர்பேக்கை ஒற்றைப் பந்தால் அளப்பது அநியாயம் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

சரி, எண்ணிக்கையை வைத்து அளக்கலாமா? அதிலும் சிக்கல் இருக்கிறது. 1995இல் டாலஸ், கார்னர்பேக் டீயன் சான்டர்ஸை ஏழு ஆண்டுகளுக்கு 3.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் அழைத்துவந்தது. அந்த சீசனில் அவர் இடைமறித்தவை இரண்டே பந்துகள். மறுபக்கம் நின்ற லாரி பிரவுன் ஆறு பந்துகளை இடைமறித்தார். 1996 ஜனவரியில் பிட்ஸ்பர்க்குக்கு எதிரான சூப்பர் பௌலில் மேலும் இரண்டு பந்துகளை இடைமறித்து, சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பிரவுன் வென்றார். எண்ணிக்கைப்படி பார்த்தால் பிரவுன்தானே பெரியவர்? இல்லை. கிரிக்கெட்டில் ஒரு முனையில் அசாத்தியப் பந்துவீச்சாளர் இருந்தால், மட்டையாளர்கள் அவரைத் தடுத்தாடிவிட்டு மறுமுனையில் அடிக்கப் போவார்கள்; விக்கெட் அங்கே விழும். சான்டர்ஸ் பக்கம் எறியவே குவாட்டர்பேக்குகள் தயங்கினார்கள். வராத பந்தை யாரால் இடைமறிக்க முடியும்? பிரவுனின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. தன் பக்கம் வந்த வாய்ப்பை அவர் விடவில்லை என்பது பெரிய விஷயம். ஆனால் அந்த வாய்ப்புகளுக்கு மறுபக்கம் நின்றவரும் ஒரு காரணம்.

எண்ணிக்கை கூடினாலும் தீர்ப்பு எளிதல்ல. 2021இல் டாலஸ் கார்னர்பேக் டிரெவான் டிக்ஸ் 11 பந்துகளை இடைமறித்து, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வால்ஸின் அணிச் சாதனையைத் தொட்டார். அதே சீசனில் அவர் பக்கம் எதிரணிகள் எடுத்த கஜங்களும் லீகின் மிக உயர்ந்த கணக்குகளில் ஒன்று. 'நட்சத்திரம்' என்று ஒரு சாராரும் 'சூதாடி' என்று இன்னொரு சாராரும் பிரிந்து நின்றார்கள். இரு சாரார் கண்டதும் உண்மைதான். டிக்ஸ் குவாட்டர்பேக்கின் கண்ணைப் படித்துத் துணிந்து பாய்பவர். பாய்ச்சல் பலித்தால் பந்து கைக்கு வரும். தப்பினால் ரிசீவர் தனியாக ஓடுவார். அந்த ஆண்டு லீகிலேயே அதிகப் புள்ளி குவித்த அணி டாலஸ். பின்தங்கிய எதிரணிகள் எறிந்தே தீர வேண்டிய நிலை. அப்படிப்பட்ட அணிக்கு அந்தத் துணிச்சல் லாபம்தான் என்பது என் முடிவு. தடுமாறும் அணியில் அதே ஆட்டம் நஷ்டமாகியிருக்கலாம்.

ஆக, கார்னர்பேக்கை எடை போட நினைப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். முதலில், பந்தைப் பார்ப்பதை விட்டு, ரிசீவர் திரும்பும்போது கார்னர்பேக்கின் இடுப்பும் காலும் எப்படித் திரும்புகின்றன என்று பாருங்கள். தொலைக்காட்சியில் அவர் பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே போய்விடுவார். அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அது முழுதாகத் தெரியும். அடுத்து, எதிரணியின் குவாட்டர்பேக்குக்கு எறிய எவ்வளவு நேரம் கிடைத்தது என்று பாருங்கள். முன்வரிசை ஐந்து நொடி விட்டுக்கொடுத்தால் எந்த கார்னர்பேக்கும் தோற்பார். பின்னால் துணைக்கு வரவேண்டியவர் வந்தாரா என்பதும் முக்கியம். பந்து பிடிபட்ட இடத்துக்கு அருகில் நிற்பவர் பல சமயம் வேறொருவரின் பிழையை மூட ஓடிவந்தவராக இருப்பார். கடைசியாக, ஒரு முறை ஏமாந்தவர் அடுத்த ஆட்டத்தில் எப்படி நிற்கிறார் என்று பாருங்கள். மூன்றடி பின்வாங்கி நின்றால் மனம் உடைந்துவிட்டது என்று அர்த்தம். அதே இடத்தில், அதே நெருக்கத்தில் நின்றால், அவர் தேறிய ஆட்டக்காரர்.

ரசிகர்கள் விமர்சிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே அணியை வாராவாரம் பார்க்கும் கண்ணுக்குப் புள்ளிவிவரம் காட்டாத பலவும் தென்படும். அந்தக் கண் பந்தை மட்டுமே துரத்தினால் அதன் பாதி வலிமை வீணாகிறது. பந்து வராத பக்கத்தையும் பார்த்துவிட்டுக் குறை சொல்லுங்கள். அப்போது உங்கள் தீர்ப்பைப் பயிற்சியாளரும் மறுக்க யோசிப்பார்.