ஊர் கூடிக் கைவிட வேண்டிய வழக்கம்

மரபுவழிச் சமூகங்களில் பெண் உறுப்புச் சிதைப்பை ஒழிக்கும் முயற்சிகள் பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்குகிறேன். நேரே பொருளுக்கு வருகிறேன்.

இன்று வாழும் பெண்களிலும் சிறுமியரிலும் 23 கோடிக்கும் மேற்பட்டோர் இந்தக் கொடுமைக்கு ஆளானவர்கள் என்கிறது யுனிசெஃப் 2024-இல் வெளியிட்ட கணக்கு. இரத்தப்போக்கு, சீழ், சிறுநீர் கழிக்கையில் வேதனை, பிரசவத்தில் ஆபத்து என மருத்துவர்கள் எச்சரித்துப் பல காலம் ஆயிற்று. ஆனாலும் மகளை உயிராக நேசிக்கும் தாயேதான் அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறாள். அவளைக் கல்நெஞ்சக்காரி என்று ஏசிவிட்டு நகர்ந்தால் நமக்கு எதுவும் விளங்காது. அறுக்காத பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள், அவள் சமைத்ததை யார் கைநீட்டி வாங்குவார்கள் என்ற அச்சம் அவளுக்கு. அந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது என்பதுதான் நம் சிக்கலின் மையம்.

செனகல் நாட்டில் மாலிகுண்டா பம்பாரா என்றோர் ஊர். டோஸ்தான் என்ற தொண்டு அமைப்பு நடத்திய வகுப்பில் உடல்நலமும் மனித உரிமையும் படித்த அவ்வூர்ப் பெண்கள், பல மாதம் பேசித் தீர்த்து, 1997 ஜூலை 31 அன்று பத்திரிகையாளர் முன்னிலையில் இந்த வழக்கத்தை விட்டுவிட்டதாக அறிவித்தார்கள். பக்கத்து ஊர்களில் இருந்த சொந்த இனத்தாரே கொதித்தெழுந்தார்கள். குடும்ப இரகசியத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்ற கோபம்.

கெர் சிம்பாரா ஊரின் இமாம் டெம்பா ஜவாராவும் முதலில் இதை ஏற்கவில்லை. ஆனால் அவர் விசாரித்தார். மருத்துவம் அறிந்தவர்களைக் கேட்டார். தம் வீட்டுப் பெண்களையும் கேட்டார். அதுவரை அவரிடம் வாய் திறக்காதவர்கள் பட்டதையெல்லாம் சொன்னார்கள். மனம் மாறிய அந்த முதியவர் வழியும் கண்டு சொன்னார்: ஓர் ஊர் மட்டும் விட்டால் அந்த ஊர்ப் பெண்களுக்கு மாப்பிள்ளை கிடைக்காது; பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் அத்தனையும் சேர்ந்து விட வேண்டும். உறவினர் வாழும் ஊர்களுக்கு நடந்தே போனார். நலம் விசாரித்து, உறவு சொல்லி, திண்ணையில் அமர்ந்து பேசினார். யாரையும் பழிக்கவில்லை, அருவருப்பூட்டும் படம் எதையும் காட்டவில்லை. 1998 பிப்ரவரியில் ஜாபுகு என்ற இடத்தில் 13 ஊர்கள் கூடி ஒரே குரலில் அறிவித்தன. ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பதைப் படிப்பறிவாளர் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

வியப்பு என்னவென்றால், ஜெரி மேக்கி என்ற அமெரிக்க அறிஞர் 1996-இலேயே இதே முடிவுக்கு வேறு வழியாக வந்திருந்தார். அவர் ஆராய்ந்தபடி, சீனத்தில் பெண்களின் பாதங்களைக் கட்டும் வழக்கம் பல நூற்றாண்டு நிலைத்து, பிறகு ஒரு தலைமுறைக்குள் சரிந்தது. மகளின் பாதத்தைக் கட்டமாட்டோம், கட்டிய பாதமுள்ள பெண்ணை மகனுக்கு எடுக்கமாட்டோம் என்று உறுதி எடுத்த பெற்றோர் சங்கங்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. அந்த உறுதிமொழியின் இரண்டாம் பாதிதான் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன்.

சட்டம் வேண்டாமா? வேண்டும். 1999-இல் செனகலும் இயற்றியது. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. ஆனால் மக்களை ஒதுக்கிவிட்டுத் தடை மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கென்யாவின் மேரு பகுதி சான்று. 1956-இல் அங்கே ஆண்களின் மன்றம் தடை விதித்ததும், சிறுமிகள் பிளேடு வாங்கி ஒருவருக்கொருவர் தாமே அறுத்துக்கொண்டார்கள். மூன்றாண்டுகளில் 2,400-க்கும் மேற்பட்டோர் மீது வழக்கு. சட்டம் வந்த பிறகும் அது நிலைக்கும் என்ற உறுதி இல்லை. காம்பியாவில் 2015-இல் வந்த தடையை நீக்க 2024-இல் மசோதாவே கொண்டுவந்தார்கள். அதைத் தோற்கடிக்க அந்நாட்டுப் பெண்கள் பெரும்பாடு பட்டார்கள்.

இது தொலைதூரத்துச் செய்தி என்று நாம் இருந்துவிட முடியாது. இலங்கையில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களிலும் பெண் குழந்தைக்கு அறுக்க ‘ஒஸ்தா மாமி’யை வீட்டுக்கு அழைக்கும் வழக்கம் உண்டு. மருத்துவர்கள் இதைச் செய்யக் கூடாதென்று 2018-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டது. இந்தியாவில் தாவூதி போஹ்ரா முஸ்லிம் சமூகப் பெண்கள் சிலர் தம் அனுபவத்தைத் துணிந்து பேசியதால்தான் ‘கத்னா’ என்று அவர்கள் அழைக்கும் இந்த வழக்கம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

கட்டுரை வாசிப்போரிடம் ஒன்று கேட்கிறேன். செனகலில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அறுக்கப்பட்டவர் என்ற கணக்கு 2019 வரை ஆண்டுக்கணக்கில் பெரிதாக அசையவில்லை. சிறுவயதில் அறுக்கப்பட்ட நாற்பது வயதுப் பெண்ணும் அதில் இருக்கிறாள். நேற்றுத் தப்பித்த ஐந்து வயதுக் குழந்தை அதில் வருவதில்லை. எனவே முயற்சி வென்றதா தோற்றதா என்று சொல்லும்போது, சிறுமியரின் கணக்கை வயதுவாரியாகத் தாருங்கள். அறிவிப்பு விழா முடிந்து எத்தனை ஆண்டு கழித்து அந்த ஊருக்குப் போனீர்கள், பெண்களிடம் தனியே பேச முடிந்ததா என்பதையும் சொல்லுங்கள். முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.