பிள்ளையை விடுதிக்கு அனுப்ப என்ன தயக்கம்?

(திருத்தணியில் பிளஸ் டூ தேறிய மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை. வெளியூர் வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுத்தில் தரப்படுகிறது.)



கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு தந்தை என்னை நிறுத்தினார். மகள் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். சென்னையில் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. "ஆனால் ஹாஸ்டல் மட்டும் வேண்டாம் பாய். தினமும் ரயிலில் போய் வரட்டும்" என்றார். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கும், சென்ட்ரலிலிருந்து கல்லூரிக்கும் ஆகும் நேரம் தனி. அந்தப் பிள்ளை எப்போது படிப்பாள், எப்போது தூங்குவாள்? நான் பேச வைத்திருந்த தலைப்பு வேறு. அதை ஒதுக்கிவிட்டு அந்தச் சகோதரருக்குப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். யார் என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். 1888 செப்டம்பர் 5 அன்று இந்தத் திருத்தணியில் பிறந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். இங்கே ஆரம்பப் பள்ளி. பிறகு திருப்பதியில் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிஸ் கல்லூரி, அதன் பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. கணக்குப் பாருங்கள். எட்டு வயதிலிருந்தே அந்தப் பிள்ளை வெளியூரில். மகனை வெளியே அனுப்ப மனமில்லாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தால் இந்த நாட்டுக்கு அந்தக் குடியரசுத் தலைவர் கிடைத்திருப்பாரா?

1936-ல் அவர் ஆக்ஸ்போர்டுக்குப் பேராசிரியராகப் போனார். 1952 வரை அந்தப் பதவி அவரிடம் இருந்தது. அங்கே ஆல் சோல்ஸ் என்ற கல்லூரியில் அவர் உறுப்பினர். 1438-ல் தோன்றிய அந்தக் கல்லூரியில் ஒரு வேடிக்கை, பட்டப்படிப்பு மாணவர்களே கிடையாது. அறிஞர்கள் மட்டும் கூடி வாழ்வார்கள், ஒரே மண்டபத்தில் உண்பார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. கல்லூரிக்கு அடித்தளம் தோண்டியபோது ஒரு பெரிய காட்டு வாத்து பறந்து போனதாம். நூறு ஆண்டுக்கு ஒருமுறை அந்த மேதைகள் எல்லாரும் இரவில் பந்தம் ஏந்தி, பாட்டுப் பாடிக்கொண்டு அந்த வாத்தைத் தேடுகிறார்கள். 1901-ல் தேடினார்கள், 2001-ல் தேடினார்கள். இனி 2101-ல்தான். நம் ஊர்ப் பேராசிரியருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, இரண்டு தேடலுக்கும் நடுவில் போய்ச் சேர்ந்தார்! நாம் சிரிக்கிறோம். ஆனால் ஐந்நூறு ஆண்டாகச் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குத்தான் இப்படிச் சேர்ந்து சிரிக்க ஒரு காரணம் கிடைக்கிறது. சைவ உணவுக்காரரான அவர் தன் தலைப்பாகையோடும் நீண்ட கோட்டோடும்தான் அங்கே வாழ்ந்தார். தன்னை மாற்றிக்கொண்டால்தான் அந்தப் பந்தியில் உட்கார முடியும் என்ற நிலை அவருக்கு வரவில்லை.

இனி நம் சமுதாய வரலாற்றுக்கு வருவோம். 1869-ல் சர் சையத் அகமது கான் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மகன் சையத் மஹ்மூது கேம்பிரிட்ஜில் படித்தார். அங்கே தந்தையின் கண்ணில் பட்டது பாடப்புத்தகம் மட்டுமல்ல. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்குவதும், சேர்ந்து உண்பதும், மாலையில் விளையாடுவதும், இரவில் விவாதிப்பதும் அவரைக் கவர்ந்தன. ஊர் திரும்பியவர் 1875-ல் அலிகரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1877-ல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வகுப்பறைக்குக் கொடுத்த அதே கவனத்தை அவர் விடுதிக்கும் கொடுத்தார். நவாபு வீட்டுப் பிள்ளையும் குமாஸ்தா வீட்டுப் பிள்ளையும் அங்கே தங்கினார்கள். ஷியாவும் சுன்னியும் ஒரே வளாகத்தில் தொழுதார்கள். இந்து மாணவர்களும் படித்தார்கள். அந்தக் கல்லூரியின் முதல் பட்டதாரியே ஈஸ்வரி பிரசாத் என்ற இந்து மாணவர்தான். 1884-ல் கேம்பிரிட்ஜைப் பார்த்து விவாத மன்றமும் வந்தது. 1920-ல் கல்லூரி பல்கலைக்கழகமாயிற்று. கறுப்பு ஷெர்வானியும், அக்டோபர் 17 அன்று சர் சையத் பிறந்தநாள் விருந்தும் இன்றைக்கும் அங்கே நிலைத்திருக்கின்றன.

"அதெல்லாம் ஆண் பிள்ளைகளுக்கு" என்று அந்தத் தந்தை மனத்துக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது. சகோதரரே, அதே அலிகரில் 1906-ல் ஷேக் அப்துல்லாவும் அவர் மனைவி வஹீத் ஜஹான் பேகமும் பெண்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார்கள். எதிர்ப்பு கொஞ்சமா நஞ்சமா! பர்தாவில் இருக்கும் பெண் எப்படிப் பள்ளிக்கு வருவாள், வந்தால் யார் பார்ப்பார்கள், கட்டிக்கொள்ள யார் வருவார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். 1914-ல் அவர்கள் பெண்கள் விடுதியும் திறந்துவிட்டார்கள். பிள்ளைகளை நம்பி விடப் பெற்றோர் தயங்கியபோது அந்த அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? அறிக்கை வெளியிடவில்லை. விடுதிப் பெண்களோடு தாயாக இருந்து கவனித்துக்கொண்டார். தன் சொந்தப் பெண்களையும் அங்கேயே படிக்க வைத்தார். அந்த வீட்டுப் பெண் ரஷீத் ஜஹான் மருத்துவராகவும் எழுத்தாளராகவும் உயர்ந்தார். இன்னொரு மகள் மும்தாஜ் அலிகர் மகளிர் கல்லூரிக்கே முதல்வரானார். நூறு ஆண்டுக்கு முன்னால் எதிர்ப்பின் நடுவே அலிகரில் நடந்தது இது. இன்றைக்குத் திருத்தணியில் நாம் தயங்குகிறோம்.

அலிகர் விடுதியில் வளர்ந்த இன்னொருவர் டாக்டர் ஜாகிர் உசேன். 1920-ல் ஜாமியா மில்லியா தொடங்கிய இளைஞர்களில் ஒருவர். 1948-ல் அலிகரின் துணைவேந்தரானார். அதே ஆண்டு மத்திய அரசு அமைத்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைவர் உங்கள் ஊர் ராதாகிருஷ்ணன், உறுப்பினர்களில் ஒருவர் ஜாகிர் உசேன். மாணவர் விடுதிகளைப் பற்றியும் அந்தக் குழு பேசியது. ஒரு கட்டடத்தில் ஐம்பது பேருக்கு மேல் அடைக்காதீர்கள் என்றது. ஐம்பது பேர் என்றால் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைக்கலாம். இப்போது எத்தனை விடுதிகளில் அது நடக்கிறது என்று நான் கேட்கவில்லை, கேட்டால் இந்த மாலை போதாது.

விடுதி என்றால் எல்லாம் பாலும் தேனும் என்று நான் சொன்னால் அது பொய். 1996-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவன் ஒருவன் சீனியர் மாணவனால் கொல்லப்பட்டான். தமிழகமே நடுங்கியது. 1997-ல் ராகிங்கைத் தடை செய்து இங்கே தனிச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2009-ல் விதிகளைக் கடுமையாக்கியது. மாணவர்களே, 1800-180-5522 என்ற இலவச எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். யாராவது "இது எங்கள் ஹாஸ்டல் மரபு" என்று சொல்லி உங்களை அவமானப்படுத்தினால் அது மரபு அல்ல, குற்றம். அன்றைக்கே வீட்டிலும் வார்டனிடமும் சொல்லுங்கள். பெற்றோர்களே, பிள்ளை சொன்னால் "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று வாயை அடைக்காதீர்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு வாளி, அம்மா கொடுத்த ஊறுகாய் பாட்டில், இவற்றோடு போய் இறங்கினேன். முதல் மூன்று இரவு அழுதேன். மெஸ் சாம்பாரைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. என் அறைத்தோழன் இந்தப் பக்கத்துப் பையன், நெசவுக்காரக் குடும்பம். வீட்டில் தெலுங்கு பேசுவான், எனக்கு வீட்டில் உருது, இருவருக்கும் சண்டை தமிழில். ரமலான் வந்தது. மெஸ்ஸில் சஹர் ஏற்பாடு இல்லை. இரவு வாங்கி வைத்த ரொட்டியை மூன்றரை மணிக்கு எழுந்து சாப்பிட வேண்டும், எனக்கோ தூக்கம் கலையாது. முப்பது நாளும் அலாரம் வைத்து என்னை எழுப்பியவன் அவன். "டேய், எழுந்து தின்னுடா, அப்புறம் நான்தான் உன் முகத்தைப் பாத்துக்கிட்டு உக்காரணும்" என்பான். ஆடிக் கிருத்திகைக்கு அவன் ஊருக்குப் போகும்போது என் பையில்தான் துணி எடுத்துப் போவான். இன்றைக்கும் என் வீட்டு நல்லது கெட்டதுக்கு முதலில் வருபவன் அவன். நம்மைப் பற்றி யாராவது அவதூறு பேசினால் அந்த இடத்தில் நமக்காகப் பேசுவது யார்? மேடையில் நிற்கும் நானா, ஒரே அறையில் நான்கு வருடம் கூட இருந்தவனா?

பணம் இல்லை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறை விடுதிகளில் தங்குமிடமும் உணவும் இலவசம். அரசின் நலத்துறை விடுதிகளுக்கெல்லாம் 2025-ல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல் நகல் ஆகியவற்றை இந்த வாரமே தயார் செய்யுங்கள். கடைசி நாளில் தாலுகா அலுவலகத்தில் நிற்காதீர்கள்.

இனி அந்தச் சகோதரரிடம் மட்டும். என் பேச்சைக் கேட்டு உடனே சரி என்று சொல்ல வேண்டாம். வரும் சனிக்கிழமை காலை முதல் வண்டியில் நீங்களும் பிள்ளையும் பிள்ளையின் அம்மாவும் வாருங்கள், நானும் வருகிறேன். விடுதியின் கதவு, பூட்டு, குளியலறை, இரவுக் காவல், வார்டன் அம்மா எல்லாவற்றையும் உங்கள் கண்ணால் பாருங்கள். வார்டனிடம் நீங்கள் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். மதியம் அந்த மெஸ்ஸிலேயே நால்வரும் சாப்பிடலாமா என்று கேட்டு வைக்கிறேன். திரும்பும் ரயிலில் நான் வாய் திறக்க மாட்டேன். பிள்ளை பேசட்டும், நீங்கள் கேளுங்கள். வஸ்ஸலாம்.